நாலு ஆடு போதும்!

தமிழில் ஒருத்தரைப் பாராட்ட வேண்டும் என்றால் ‘புலி’ என்போம். கணக்கில் புலி, இங்கிலீஷில் புலி, கம்ப்யூட்டரில் புலி. மூன்றிலும் புலி என்றால் அவருக்குத் தனிப் பட்டம்... ஆல்ரவுண்டர்!

இந்தப் பட்டத்துக்கு இன்றைக்கு இருக்கிற கிராக்கியைப் பாருங்கள். ஹோட்டல் வாசலில் போர்டு தொங்குகிறது: ‘தோசை, பரோட்டா, ஃப்ரைடு ரைஸ் தெரிந்த ஆல்ரவுண்டர் மாஸ்டர் தேவை.’ ஸ்கூல் ஆண்டு விழாவில் ‘பெஸ்ட் ஆல்ரவுண்டர்’ என்று ஒரு கப் கட்டாயம் உண்டு. மணமகள் தேவை விளம்பரத்தில்கூட மறைமுகமாக இதுதான்: படித்திருக்க வேண்டும், வேலைக்குப் போக வேண்டும், வீட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும், பாடத் தெரிந்தால் விசேஷம்.

எனக்கு ஒரே ஒரு கேள்விதான். ஆல்ரவுண்டரைத் தேடிப் பிடிக்கத் தெரிந்த நமக்கு, பிடித்த பிறகு அவரை வைத்து ஆடத் தெரியுமா?

தெரியாது என்பது என் கட்சி. நம் வீடு, நம் ஆபீஸ், நம் கிரிக்கெட் டீம், நம் அரசாங்கம்... ஒரு இடத்திலும் தெரியாது. தெரிந்துகொள்ள மேனேஜ்மென்ட் புத்தகம் எதுவும் வாங்க வேண்டாம். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அந்தப் பக்கத்துக் கிராமம் ஏதாவது ஒன்றில், மரத்தடியில் ஆடுபுலி ஆட்டம் ஆடுகிற பெரியவர்கள் இன்னும் மிச்சம் இருந்தால், அவர்கள் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக ரெண்டு நிமிஷம். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு முக்கோணம். அதன் உச்சியிலிருந்து நாலு கோடுகள் கீழே இறங்கும். குறுக்கே மூன்று கோடுகள். அந்தக் குறுக்குக் கோடுகள் முக்கோணத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் நீண்டு, பெட்டி மாதிரி மூடிக்கொள்ளும். கோடுகள் சந்திக்கிற புள்ளிகள் மொத்தம் 23. கோயில் மண்டபத் தரையிலும் பாறையிலும் யாரோ எப்போதோ கீறிவிட்டுப் போன இந்தக் கட்டத்தைத் தமிழ்நாட்டில் பல ஊர்களில் பார்க்கலாம். கட்டம் இல்லாத இடத்தில் ஒரு கரித்துண்டு போதும்.

புலி மூன்று. ஆடு பதினைந்து. கல்லோ, புளியங்கொட்டையோ, கையில் கிடைத்தது காய். புலி எந்தப் பக்கமும் நகரலாம். பக்கத்துப் புள்ளியில் ஆடு நின்று, அதற்கு நேர் பின்னால் இருக்கிற புள்ளி காலியாக இருந்தால், தாண்டிக் குதித்து ஆட்டை வெட்டலாம். ஆடு ஒவ்வொன்றாகத்தான் கட்டத்தில் இறங்கும். பதினைந்தும் இறங்கி முடிகிறவரை இறங்கிய ஆடு நின்ற இடத்தைவிட்டு அசையக் கூடாது. அசைய ஆரம்பித்த பிறகும் அதற்கு வெட்டத் தெரியாது. ஆனால், மூன்று புலிகளும் எந்தப் பக்கமும் நகர முடியாதபடி அடைத்துவிட்டால், ஆட்டுக்காரர் ஜெயித்தார்! விதிகள் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். எலும்புக்கூடு இதுதான்.

புதுசாகப் பார்க்கிற யாரைக் கேட்டாலும் ‘எனக்குப் புலி’ என்பார்கள். ஓடவும் தெரியும், வெட்டவும் தெரியும், முதல் முறையிலிருந்தே இரண்டையும் செய்யலாம். யுத்தக் களத்தில் இதைவிட ஒரு சகலகலா வல்லவன் கிடைப்பானா? ஆனால் பத்து ஆட்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும். விவரம் தெரிந்த ஆட்டுக்காரர் எதிரே உட்கார்ந்தால், புலி வைத்திருக்கிறவருக்குத்தான் நெற்றியில் வேர்க்கும்.

நேபாளத்தில் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஆட்டம் ஒன்று இருக்கிறது. பெயர் பாக்சால். நாலு புலி, இருபது ஆடு, 25 புள்ளி. லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2000-களில் அதைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கடைசிவரை கணக்குப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் தப்பே செய்யாமல் ஆடினால் டிரா! வெட்டவே தெரியாத ஆடுகள், எல்லாம் தெரிந்த புலிகளைச் சமமாக நிறுத்திவிடுகின்றன.

எப்படி?

நான் பி.காம். படித்தவன். எதையும் வரவு - செலவு போட்டுப் பார்த்தால்தான் எனக்குப் புரியும். வாங்க, நம் ஊர்க் கட்டத்திலேயே கணக்குப் போடலாம்.

கட்டத்தின் நடுப் புள்ளியில் ஒரு புலி நிற்கிறது. மேலே, கீழே, இடது, வலது என்று நாலு வழி. அதை அசையவிடாமல் கட்ட, நாலு வழியிலும் நாலு ஆடு நிற்க வேண்டும். அந்த நாலு ஆட்டையும் தாண்டிக் குதிக்காமல் இருக்க, ஒவ்வொன்றின் முதுகுக்குப் பின்னாலும் இன்னொரு ஆடு வேண்டும். ஆக மொத்தம் எட்டு.

அதே புலி, பெட்டியின் ஓரத்து மூலையில் நிற்கிறது என்று வையுங்கள். அங்கிருந்து வழி இரண்டுதான். இரண்டு வழிக்கு இரண்டு ஆடு, அவற்றுக்குப் பின்னால் இரண்டு ஆடு. நாலு ஆடு போதும், கதை முடிந்தது!

கவனியுங்கள். புலி மாறவில்லை. அதே கல்தான். திறமையில் ஒரு மாற்றும் குறையவில்லை. நின்ற இடம் மாறியதும் விலை பாதியாகிவிட்டது. மூன்று புலிகளையும் மூன்று மூலைகளில் நிற்க வைத்தால் 12 ஆட்டில் ஜோலி முடிந்துவிடும். கையில் இன்னும் மூன்று ஆடு மிச்சம் இருக்கும். நடுவில் விலகி விலகி நிற்கிற இரண்டு புலிகளுக்கே 16 ஆடு வேண்டும். இருப்பதோ 15. ஒரே ஆடு இரண்டு புலிக்குக் காவல் நிற்பதும் உண்டு என்பதால் இது மரத்தடிக் கணக்குதான். ஆனாலும் விஷயம் விளங்குகிறது இல்லையா?

இன்னொரு கணக்கு. புள்ளிகள் 23. ஒரு ஆடுகூட வெட்டுப்படாமல் பதினைந்தும் இறங்கிவிட்டால் காய்கள் 18. மீதிக் காலி இடம் ஐந்தே ஐந்து! அந்த ஐந்துதான் புலியின் உயிர். ஒவ்வொரு ஆடு இறங்கும்போதும் புலியை யாரும் தொடுவதில்லை, அடிப்பதில்லை. அதைச் சுற்றி இருக்கிற காலி இடத்தில் ஒன்று குறைகிறது, அவ்வளவுதான். கம்பெனிக் கணக்கில் சொன்னால், புலி என்பது மிஷின் மாதிரி. காலி இடம் என்பது கையில் இருக்கிற ரொக்கம். கோடி ரூபாய்க்கு மிஷின் வாங்கிப் போட்டுவிட்டு, கரன்ட் பில் கட்டக் காசு இல்லாமல் மூடப்பட்ட கம்பெனிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

இந்த ஆட்டத்தில் தோற்கிற புலிக்காரர்கள் எல்லோரும் மூன்றே தப்புகளைத்தான் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்.

முதல் தப்பு, கண்ணில் பட்ட ஆட்டுக்கெல்லாம் ஓடுவது. கெட்டிக்கார ஆட்டுக்காரர் வேண்டுமென்றே ஒரு ஆட்டைத் தனியாக விட்டு வைப்பார். சுற்றி நிற்கிற இளவட்டங்கள் ‘வெட்டு, வெட்டு’ என்று குதிக்கும். புலி பாய்ந்து வெட்டும். போய் விழுகிற இடம் மூலை. பின்னாலேயே கதவு மூடிவிடும். ஒரு ஆட்டைக் கொடுத்து ஒரு புலியை வாங்கிவிட்டார். இதைத்தான் எங்கள் காமர்ஸ் வாத்தியார் முதலீடு என்று சொல்லிக் கொடுத்தார்.

இரண்டாவது தப்பு, மூன்று புலிகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவது. பலம் சேர்கிற மாதிரி தோன்றும். ஆனால் புலி புலியைத் தாண்ட முடியாது. ஒரு புலி இன்னொரு புலியின் வழியில் நின்றால், ஆட்டுக்காரருக்கு ஒரு ஆடு மிச்சம். காசு கொடுக்காமல் எதிரிக்கு வேலை பார்க்கிறோம்!

மூன்றாவது தப்பு இன்னும் பெரிசு. மூன்று புலி இருந்தாலும் உங்கள் முறைக்கு ஒரு நகர்த்தல்தான். இந்தப் புலி அங்கேயும் போக முடியும், இங்கேயும் போக முடியும் என்பது நிஜம். ஆனால், அங்கே போனால் இங்கே போகவில்லை என்று அர்த்தம். ‘முடியும்’ என்பதையும் ‘ஒரே நேரத்தில் முடியும்’ என்பதையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர் கையில் புலி நிலைக்காது.

புலியின் பல் புலியின் வாயில் இல்லை சார்... ஆட்டுக்குப் பின்னால் இருக்கிற காலி இடத்தில் இருக்கிறது. அந்த இடம் இல்லையென்றால் புலியும் ஒரு கல், ஆடும் ஒரு கல்.

* * *

இதே ஊர்களை அண்ணாந்து பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலை. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம். பரப்பு சுமார் 1,016 சதுர கிலோமீட்டர். நிஜப் புலியைக் காப்பாற்ற வேண்டும் என்று முடிவு செய்ததும் அரசாங்கம் முதலில் செய்தது என்ன? புலிக்கு வேட்டையாடச் சொல்லிக் கொடுக்கவில்லை. இடத்தைக் காப்பாற்றியது. புலிக்குத் தேவை மனுஷத் தொந்தரவு இல்லாத காடு, மற்றதை அது பார்த்துக்கொள்ளும் என்று வனத்துறைக்குத் தெரிந்திருக்கிறது.

மலைக்குக் கீழே இறங்கினால் இன்னொரு ஆல்ரவுண்டர். ராஜபாளையம் நாய்! வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, நீளக் கால். காட்டுப்பன்றி வேட்டைக்கும் அது, தோட்டத்துக் காவலுக்கும் அது. 2005 ஜனவரியில் தபால் துறை நாலு இந்திய நாய் இனங்களுக்கு ஸ்டாம்ப் வெளியிட்டபோது அதில் ராஜபாளையத்துக்கும் இடம் கிடைத்தது. பெருமைதான். ஆனால் இந்தப் பெருமையைக் கேள்விப்பட்டு, குட்டியை வாங்கிக்கொண்டு போய், இரண்டாவது மாடி ஃப்ளாட் பால்கனியில் மூன்றடிச் சங்கிலியில் கட்டி வைக்கிறவர்களை என்ன சொல்வது? கண்ணுக்கு எட்டின தூரத்தில் இரை ஓடினால் துரத்திப் பிடிக்கிறதுக்காகவே தலைமுறை தலைமுறையாக வளர்த்தெடுத்த உடம்பு அது. அதற்கு ஓட இடம் இல்லை. கொஞ்ச நாளில், ‘என்ன சார், பெரிசா சொன்னாங்க... சும்மா குரைச்சுக்கிட்டே இருக்கு’ என்று அலுத்துக்கொள்கிறார்கள். நாய்மேல் என்ன குற்றம்? மூன்றடிச் சங்கிலி போட்டால் புலியே குரைக்கும்.

வெளிநாட்டில் ஒரு யுத்த விளையாட்டு இருக்கிறது. நம் ஊர்ப் பெரிய நகரங்களிலும் சில பிள்ளைகள் ஆடுகிறார்கள். விரல் உயரத்துக்குக் குட்டிக் குட்டி வீரர்கள். மந்திரவாதி, ராட்சசன், குதிரைவீரன் என்று ஒவ்வொன்றையும் வாங்கி, ஒட்டி, பெயின்ட் அடித்து, மேஜைமேல் படை திரட்டிச் சண்டை போடுவார்கள். இங்கிலாந்தின் நாட்டிங்காமில் இருக்கிற கேம்ஸ் வொர்க்‌ஷாப் என்ற கம்பெனியின் ‘வார்ஹாமர்’ இதில் பிரபலம். அதில் எனக்குப் பிடித்த விஷயம், ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு விலை உண்டு. ரூபாயில் இல்லை, பாயின்ட்டில். இரண்டு பேருக்கும் ஒரே பட்ஜெட், உதாரணமாக 2,000 பாயின்ட். அதற்குள் படை சேர்க்க வேண்டும். தூரத்திலிருந்து சுடவும் தெரிந்து, கிட்டத்தில் கத்திச் சண்டையும் தெரிந்த வீரனுக்கு விலை அதிகம். அவனை வாங்கினால் சாதா வீரர்கள் சிலரைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். அந்த ஆல்ரவுண்டரை ஆட்டம் முழுக்கக் கத்திச் சண்டையிலேயே மாட்டிவிட்டால், சுடுகிற திறமைக்குக் கொடுத்த பாயின்ட் அத்தனையும் தண்டம். கடைசிவரை தூரத்திலேயே நிறுத்திச் சுடவிட்டால், கத்திக்குக் கொடுத்தது தண்டம். அவனை வாங்கியதே, எங்கே எது தேவையோ அங்கே அப்போது அனுப்பலாம் என்ற வசதிக்காக. அந்த வசதியைப் பயன்படுத்தாதவர், ஏ.சி. பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டு ஜன்னலைத் திறக்கப் பார்க்கிறவர் மாதிரி.

விளையாட்டுப் பொம்மைக்கு இவ்வளவு யோசிக்கிறார்கள். நாம் மனிதர்களை வைத்து எப்படி ஆடுகிறோம்?

நம்ம சென்னைப் பையன் வாஷிங்டன் சுந்தர். பேட்டிங்கும் தெரியும், ஆஃப் ஸ்பின்னும் தெரியும். 2025 நவம்பரில் தென்னாப்பிரிக்கா வந்தபோது கொல்கத்தா டெஸ்ட்டில் அவரை மூன்றாவது ஆளாக பேட்டிங் அனுப்பினார்கள். கஷ்டமான பிட்ச்சில் 29-ம் 31-ம் அடித்தார். அந்த டெஸ்ட் முழுக்க அவருக்குப் பந்துவீசக் கிடைத்தது எத்தனை ஓவர் தெரியுமா? ஒன்று! அடுத்த டெஸ்ட் குவாஹாட்டியில். மூன்றாவது ஆளாக நின்றவர் எட்டாவது ஆளாக இறங்கினார். அங்கேயும் முதல் இன்னிங்ஸில் 48 அடித்தார். இரண்டு டெஸ்ட்டிலும் இந்தியா தோற்றது. தோல்விக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், நான் அதற்குள் போகவில்லை. என் கேள்வி, அவரை எதற்கு டீமில் எடுத்தோம் என்று எடுத்தவர்களுக்குத் தெரியுமா என்பதுதான். எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே அடைக்கிற துணியாக ஒருவரை வைத்திருந்தால், அவருக்கு ஆல்ரவுண்டர் என்று பெயர் வைக்காதீர்கள். அதற்கு வேறு பெயர் இருக்கிறது.

ஆடத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். புரோ கபடி பார்க்கிறவர்களுக்கு ஈரான்காரர் முகமது ரெசா ஷாட்லூயியைத் தெரியும். ஆல்ரவுண்டர். 2023 ஏலத்தில் புனேரி பல்தான் அவரை 2.35 கோடிக்கு எடுத்தது. அந்த சீசன் கோப்பை புனேவுக்கு. அடுத்த சீசன் ஹரியானா ஸ்டீலர்ஸ் 2.07 கோடிக்கு எடுத்தது. கோப்பை ஹரியானாவுக்கு! அவரை எப்படி ஆடினார்கள் என்று கவனித்தீர்களா? அடிப்படையில் அவர் இடது கார்னர். பிடிக்கிறதுதான் முதல் வேலை, ரெய்டு அப்புறம். எதிரி எதிர்பார்க்காத நேரத்தில், ஆட்டத்துக்குத் தேவைப்பட்டபோது பாடிக்கொண்டு போனார். வீடு ஒன்று, வாசல் இரண்டு. இதுதான் புலியை நடுப்புள்ளியில் நிறுத்துவது.

விளையாட்டை விடுங்கள். தோற்றால் கப்தான் போகும். நம் பிள்ளைகளின் படிப்பை வைத்து இதே ஆட்டத்தை ஆடிக்கொண்டிருக்கிறோமே, அதற்கு வருகிறேன்.

அரசுப் பள்ளி ஆசிரியரைவிடப் பெரிய ஆல்ரவுண்டர் இந்த நாட்டில் யார்? படித்தவர், ஊரில் நாலு பேருக்குத் தெரிந்தவர், எழுதத் தெரிந்தவர், கணக்குத் தெரிந்தவர், சொன்னால் கேட்கிறவர். ஆகவே, வாக்குச்சாவடியா? வாத்தியாரைக் கூப்பிடு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பா? டீச்சரைக் கூப்பிடு. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தமிழ்நாட்டில் ஆரம்பித்தபோதும் வீடு வீடாகப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களில் ஆசிரியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் உண்டு.

2009-ல் வந்த கட்டாயக் கல்விச் சட்டத்தின் 27-வது பிரிவு, ஆசிரியர்களைக் கல்வி தவிர்த்த வேலைக்கு அனுப்பக் கூடாது என்கிறது. நல்ல விஷயம் என்று கைதட்டப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். பத்தாண்டுக்கு ஒரு முறை வரும் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல்... இந்த மூன்றுக்கும் அதே பிரிவில் விலக்கு உண்டு. உள்ளாட்சி, சட்டமன்றம், நாடாளுமன்றம் என்று தேர்தல் நம் நாட்டில் தீபாவளி மாதிரி வந்துகொண்டே இருக்கிறது. முன் வாசலைச் சட்டம் பூட்டியது, பின் வாசலில் மூன்று கதவு வைத்தது.

தேர்தல் வேண்டாம் என்று சொல்கிறேனா? கணக்கெடுப்பு வேண்டாம் என்கிறேனா? இல்லை. அவை நடக்காமல் நாடு நடக்காது. ஆனால், ஒரு டீச்சர் படிவம் வாங்கப் போன நாளில் அந்த வகுப்பில் என்ன நடந்தது என்று யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்? தாலுகா ஆபீஸ் கணக்கில் அவர் பார்த்த வேலை வரவு. அவர் பார்க்காமல் விட்ட வேலை எந்த லெட்ஜரிலும் செலவாக ஏறவில்லை. ‘முறைக்கு ஒரு நகர்த்தல்தான்’ என்பது மரத்தடியில் ஆடுகிறவருக்குத் தெரிகிறது. கோட்டையில் கையெழுத்துப் போடுகிறவர்களுக்குத் தெரியவில்லை. தெரியவில்லையா, தெரிந்தும் செலவு பிள்ளைகள் தலையில்தானே என்று விட்டுவிடுகிறார்களா?

ஆபீஸ்களிலும் இதே கூத்துதான். நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு அலுவலகத்தில் நிருபர் வேலை. பெயர் எதற்கு, விடுங்கள். ஒரு நாள் ப்ரூஃப் பார்க்கிறவர் லீவு. ‘உனக்குத்தான் தமிழ் நல்லா வருமே’ என்றார்கள். பார்த்தேன். அடுத்த மாதம் விளம்பர பில் போடுகிறவர் வேலையை விட்டுப் போனார். ‘நீ பி.காம்.தானேப்பா’ என்றார்கள். போட்டேன். வருஷக் கடைசியில் சம்பள உயர்வு பற்றிப் பேச்சு வந்தபோது, நான் அதிகமாகச் செய்திகள் கொடுக்கவில்லை என்றார்கள்! இந்தக் கதையில் உங்கள் பெயரையும் உங்கள் ஆபீஸ் பெயரையும் போட்டுப் படித்துப் பாருங்கள். பொருந்தாதவர்கள் கையைத் தூக்கலாம்.

வீட்டுக்குள் வந்தால் இன்னும் மோசம். அங்கே அம்மா என்று ஒரு ஆல்ரவுண்டர். சமையல், டியூஷன், மாமியாருக்கு மாத்திரை, கேஸ் புக்கிங், பல வீடுகளில் அதோடு வெளி வேலையும். ‘எங்க வீட்ல அவதான் எல்லாம்’ என்று நாலு பேர் முன்னால் பெருமையாகச் சொல்கிற கணவர்களே... அந்த ‘எல்லாம்’ என்ற வார்த்தையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். சுற்றிலும் நாலு வழியிலும் நாலு ஆடு, அவற்றுக்குப் பின்னால் நாலு ஆடு. நீங்கள் பாராட்டவில்லை சார், அடைத்து வைத்திருக்கிறீர்கள்!

பிள்ளைகளையும் விட்டோமா? ஸ்கூல் விட்டதும் அபாகஸ், திங்கள் புதன் கீபோர்டு, செவ்வாய் வியாழன் கராத்தே, சனிக்கிழமை ஹிந்தி, ஞாயிற்றுக்கிழமை செஸ். ஆல்ரவுண்டராக வர வேண்டுமாம். 23 புள்ளியிலும் காய் வைத்துவிட்டு, ‘ஓடுடா புலி’ என்றால் எங்கே ஓடும்?

அதற்குள் நாலு பேர் கடிதம் எழுத உட்கார்ந்திருப்பீர்கள். ‘சார், நிலைமை தெரியாமல் பேசாதீர்கள். மூன்று பேர் வேலை பார்க்கிற சின்னக் கடை என்னுடையது. ஆளுக்கு ஒரு வேலை என்று பிரித்தால் கட்டுப்படியாகுமா?’ நியாயமான கேள்வி. ஆளுக்கு ஒரு வேலை கொடுங்கள் என்று நான் சொல்லவே இல்லையே! ஆடுபுலி ஆட்டத்திலும் மூன்றே புலிதான். உங்களிடம் எல்லாம் தெரிந்த ஒருவர் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. அவரை எல்லா வேலையிலும் எல்லா நாளும் உட்கார வைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். தினசரி வேலையாக ஒன்றைக் கொடுங்கள். திடீரென்று ஒரு இடத்தில் தீப்பிடித்தால் ஓடுவதற்கு அவர் கையில் கொஞ்சம் நேரத்தை மிச்சம் வையுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று உங்களுக்கு வயிறு எரியும். எரியட்டும். நடுப்புள்ளியில் நிற்கிற புலியும் சும்மா நிற்கிற மாதிரிதான் தெரியும். அது நிற்பதாலேயே பதினைந்து ஆடுகளும் எங்கே கால் வைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கின்றன.

இன்னொரு கூட்டம் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். ‘ஆல்ரவுண்டரே வேண்டாம் சார், ஒரே தொழிலைப் பிடித்துக்கொண்டால் போதும். ஸ்ரீவில்லிபுத்தூரைப் பாருங்கள், பால்கோவா ஒன்றை வைத்தே பெயர் வாங்கி, 2019-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது.’ வாஸ்தவம். பாலும் சர்க்கரையும் மட்டும் வைத்து அவ்வளவு பெரிய பேர் வாங்குவது லேசில்லை. ஆனால் பக்கத்திலேயே ராஜபாளையம் இருக்கிறதே! 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். நூலில் ஆரம்பித்தவர்கள் சிமென்ட் வரைக்கும் போனார்கள். ஒரு வேலை காலூன்றிய பிறகு அடுத்த வேலை என்று போனால் ஆல்ரவுண்டர் நிற்பார். இரண்டு ஊரும் பிழைத்துத்தான் இருக்கின்றன. ஆகவே சண்டை, ஸ்பெஷலிஸ்ட் உசத்தியா ஆல்ரவுண்டர் உசத்தியா என்பதில் இல்லை. கையில் இருக்கிறவரை எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தான் இருக்கிறது.

ஆல்ரவுண்டர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள்மேலும் தப்பு இருக்கிறது. யாராவது ‘உங்களை விட்டா யார் சார் இருக்கா?’ என்று சொன்னதும் உச்சி குளிர்ந்துவிடுகிறது. அது பாராட்டு என்று நினைக்கிறீர்கள். பல நேரம் அது தனியாக நிறுத்தி வைத்த ஆடு! பாய்ந்து வெட்டுவதற்கு முன்னால், போய் விழப்போகிற இடம் நடுவா, மூலையா என்று ஒரு தடவை பாருங்கள். மூலை என்றால், ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். தெரிந்த வேலையைத் தெரியாது என்று சொல்கிற அந்தத் திறமைக்கு எந்த ஸ்கூலிலும் கப் கொடுப்பதில்லை. ஆனால் பிழைக்க வைக்கும்.

அடுத்த முறை யாரையாவது ‘புலி’ என்று புகழ வாயெடுத்தால், ஒரு நிமிஷம் அவரைச் சுற்றிக் காலியாக எத்தனை புள்ளி இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒன்றுகூட இல்லையென்றால் புகழ வேண்டாம். ஒரு ஆட்டை நகர்த்துங்கள்.